கேட் சத்தம்



போன வாரம் அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். பி.பி. அதிகம். "சரியா தூங்குறீங்களாம்மா?"னு டாக்டர் கேட்டார். "கேட் சத்தம் கேட்குற வரைக்கும் தூக்கம் வராது சார்"னு அம்மா சிரிச்சுட்டே சொன்னாங்க.

எனக்குச் சுருக்குனு குத்துச்சு. அப்பா குடிச்ச இருபது வருஷமும் அந்தச் சத்தத்துக்காக முழிச்சிருந்தவங்க அம்மா. அப்பா நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. இப்போ வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டி முடிச்சு லேட்டா வர்றது நான். அதுவும் பைக்குல.

அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடிச்ச கதை நமக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நடந்ததை நாம அதிகம் பேசுறதில்லை. வழி தவறித் திரிஞ்ச தம்பிக்காக இருந்ததையெல்லாம் இழந்தவர் அவரோட அக்கான்னு மரபுக் கதை சொல்லுது. அவர் பழக்கம் வேற, என் பழக்கம் வேற. ஆனா தப்பு பண்ணினது ஒருத்தர், அனுபவிச்சது இன்னொருத்தர்.

"என் காசு, என் உடம்பு, உனக்கென்ன?"னு கேட்கிறோம். 2019-ல மது தொடர்பான சாலை விபத்துகள்ல உலகம் முழுக்க சுமார் 2,98,000 பேர் இறந்தாங்க. அதுல 1,56,000 பேர் வேற யாரோ குடிச்சதால போனவங்கனு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதிக்கும் மேல! வீட்டுக்குள்ள பயந்து முழிச்சிருந்தே கெட்டுப்போற உடம்புகள் இந்தக் கணக்குல வராது.

தைப்பூசத்துக்கு 48 நாள் மாலை போட்டப்போ நான் ஒரு சொட்டு தொடலை. அத்தனை நாளும் அம்மா பத்து மணிக்கே தூங்கினாங்க. விரதம் இருந்தது நான், பலன் அம்மாவுக்கு. மாலையைக் கழட்டின அடுத்த வெள்ளியே அந்தத் தூக்கத்தை நானே பறிச்சுட்டேன்.

சூரபத்மனையே மயிலாவும் சேவலாவும் மாத்தித் தன்கூட வெச்சுக்கிட்டவர் நம்ம முருகன். நாமளும் மாறலாம். ஒரு விஷயம்: தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். டாக்டர் துணையோட நிறுத்துங்க. அரசோட இலவச போதை மீட்பு உதவி எண் 14446.

இந்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். கேட் சத்தம் கேட்டு அம்மா பதறி எட்டிப் பார்த்தாங்க. "என்னடா, உடம்பு சரியில்லையா?"

வேலும் மயிலும் துணை.