அண்ணன் படித்தால் போதுமா?

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஊட்டச்சத்து, குடிநீர், கழிப்பறை, அடுப்பு, படிப்பு உள்ளிட்ட 12 அளவுகோல்களால் ஒரு வீட்டின் நிலையைச் சொல்கிறது. நல்ல முயற்சி. ஆனால், 10 வயதைத் தாண்டிய ஒருவர் 6 ஆண்டு படித்திருந்தாலே அந்த வீட்டுக்குப் படிப்பில் குறையில்லை என்று பதிவாகிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்ற கேள்வியும் 8ஆம் வகுப்பு வயதோடு நின்றுவிடும். அண்ணன் கல்லூரிக்குப் போக, எட்டாவதோடு நிறுத்தப்பட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடத்தோடு நிற்கும் 15 வயதுப் பெண் இரண்டிலும் அகப்படமாட்டாள். இத்தனைக்கும் குறியீட்டுக்கு அடிப்படையான தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அவள் வயதும் படிப்பும் தனியே பதிவாகின்றன. அவற்றைப் பிள்ளைவாரியாக எண்ணி வெளியிட வேண்டும்.