கடந்து வந்தவனிடம் கேட்கும் காசு

சுண்ணாம்புக்குளத்துக் கரையிலிருந்து வடக்கே போகும் படகுக்கு ஆந்திர எல்லை எந்த இடத்தில் வந்தது என்று தண்ணீரைப் பார்த்துத் தெரியாது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் போயின. இரண்டு முறையும் பேசப்பட்டது ஊர்களையும் மொழியையும் பற்றித்தான். ஏரியில் வலை வீசுகிறவர்களில் பலர் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள். உறவும் கொடுக்கல் வாங்கலும் இருபுறமும் உண்டு. ஆனால் ஆந்திரத்தில் தடா பக்கத்தில் ஒருவர் விற்கும் பழைய படகை இந்தப் பக்கத்துக்காரர் வாங்கினால், அங்கே பதிவை நீக்க வேண்டும், தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மீன்வளத்துறையிடம் புதிதாகப் பதிந்து உரிமம் எடுக்க வேண்டும். பெரிய தொகை இல்லை என்று அதிகாரி சொல்லலாம். தொகையை விட்டுவிடுவோம். ஒருவன் ஓர் ஆட்சிப் பரப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து வந்தான் என்பதற்காகவே அவனிடம் காசு கேட்க அரசுக்கு அறத்தில் இடம் உண்டா?

இதற்குப் பக்தியோடு ஒரு பதில் தயாராக இருக்கிறது: நீர் இறைவன் கொடுத்தது, அதில் கோடு போடுவது மனிதனின் அகந்தை, ஆகவே கோட்டுக்கு வாங்கும் காசு பாவம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏரியை அறிந்தவர் ஒப்ப மாட்டார். ஏரியின் தென்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. இறால் வரும் நீரோட்டத்தில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பது அதில் முறை வைத்துத் தீர்மானிக்கப்படும். அதாவது கோடுகளிலேயே நுட்பமான கோட்டை மீனவரே தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். வரியும் அவர்களுக்குப் புதிதில்லை. இந்தக் கரையோர ஊர்களில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் தலைக்கட்டு வரி உண்டு. கொடுக்காதவருக்கு ஊரில் மரியாதை இல்லை. எனவே கோடு போட்டதையும் வரி கேட்டதையும் குற்றமாக்கி இந்த வழக்கை முடிக்க முடியாது. தலைக்கட்டு வரியை யாரும் கொள்ளை என்று சொல்வதில்லையே, ஏன்? கொடுக்கிறவர் ஊரில் ஒரு தலைக்கட்டாக எண்ணப்படுகிறார். அவருக்கு முறை வருகிறது, சண்டை வந்தால் அவர் பக்கத்து நியாயமும் கேட்கப்படுகிறது, வாங்கியவர்கள் அதே கோயில் வாசலில் கணக்குச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பதற்காகக் கொடுக்கிற காசு அது. ஊருக்குள் வந்ததற்காக யாரும் அதைக் கேட்பதில்லை.

இருப்பதற்கான வரி, வந்ததற்கான வரி என்ற இந்தப் பிரிவைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பழைய அரசர்களும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. அரசனுக்குரிய பொருள்களில் சுங்கத்தையும் சேர்க்கிற வள்ளுவர்தான், கொடுங்கோன்மையைப் பேசும் இடத்தில் கோல் ஏந்தியவன் கேட்பதை வழிப்பறிக்காரன் கேட்பதோடு ஒப்பிடுகிறார். இரண்டும் முரண் போலத் தெரிந்தாலும் முரண் இல்லை: சுங்கம் ஏற்கத் தக்கதாக இருக்கலாம், ஆனால் ஆயுதம் ஏந்தியவன் வழியில் நிற்கும் இடமே அநீதிக்கு வசதியான இடம். பயணியின் கை அங்கே ஓங்கி இருக்காது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் நின்றது. எவ்வளவு தவிர்த்தான் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும், வாங்காமல் விட்டதற்காக ஓர் அரசனைப் புகழ மக்களுக்குத் தோன்றியது என்பதே நமக்குப் போதும். அதைவிடத் தெளிவான சான்று பழவேற்காட்டுக்கு வடக்கே அதே கரையில், மோட்டுப்பள்ளியில் இருக்கிறது. 1244ஆம் ஆண்டையொட்டிக் காகதீய கணபதி தேவன் அங்கே கடல் வணிகருக்கு ஓர் அபய சாசனம் பொறித்தான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை முந்தைய அரசர்கள் முழுதாக எடுத்துக்கொண்டார்கள். இனி முப்பதில் ஒரு பங்கு சுங்கம் போக மற்றதெல்லாம் வணிகருக்கே என்றான். வணிகம் பெருகினால் கருவூலமும் நிறையும் என்ற கணக்கு அவனுக்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் சொன்ன காரணம் தர்மம். நிர்க்கதியாக எல்லைக்குள் வந்து சேர்ந்தவனின் நிலையை வருவாயாக்கக் கூடாது என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

கடல் எல்லாருக்கும் பொது என்ற வாதத்துக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவைக்காக ஹ்யூகோ குரோஷியஸ் 1609இல் ‘கட்டற்ற கடல்’ என்ற நூலை வெளியிட்டார். கடலை யாரும் கைப்பற்ற முடியாது, ஒருவர் போவதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை, ஆகவே போர்ச்சுகீசியர் வழி மறிக்க உரிமையில்லை என்பது அவர் வாதம். நான்கே ஆண்டுகளில், 1613இல், அதே கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. பிறகு இந்தக் கரையிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் கம்பெனியின் அனுமதிச் சீட்டோடு போக வேண்டியிருந்தது! தத்துவம் வழி கேட்கும்போது ஒன்றும் வழியைப் பிடித்த பிறகு வேறொன்றும் பேசும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆகையால் ‘நீர் பொது’ என்ற முழக்கத்தை நான் நம்பியிருக்கவில்லை.

குரோஷியஸைச் சுட்டியே ஒரு கனமான மறுப்பும் வரும். பெருங்கடலில் கப்பல் போவதால் மற்றவருக்குக் குறையாது, சரி. ஏரியில் மீன் எடுத்தால் குறையும். ஆந்திரத்துப் படகுகள் எல்லாம் தெற்கே வந்தால் தமிழ்நாட்டு மீனவருக்கு என்ன மிஞ்சும்? எல்லைத் தகராறில் படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு இருபுறமும் சண்டை நடந்திருப்பதன் காரணம் இதுதான். மறுப்பு உண்மையானது, ஆனால் அது பதிவுக் கட்டணத்தைக் காப்பாற்றாது. கட்டணம் மீனை எண்ணுவதில்லை. காசு கட்டிய படகு எவ்வளவு பிடித்தாலும் அதே காசுதான். மீனுக்கு வரம்பு வேண்டுமென்றால் வலைக்கண்ணுக்கும் நாளுக்கும் இடத்துக்கும் வரம்பு வையுங்கள்; பாடு அதைத்தான் செய்தது, பாட்டு முறையைக் காசுக்கு விற்கவில்லை. இந்த இடத்தில் பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது பிறப்பையும் ஊரையும் பார்த்து இடம் கொடுத்தது. முறை இல்லாத ஊர்களும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் வெளியே நின்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் அரசின் கோடு ஊரின் கோட்டைவிட மேலானது: பதிவு அலுவலகம் சாதி கேட்கக் கூடாது. அரசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் மரபுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். அதன் பிறகு படகுக்கு எண்ணும் நிறமும் கட்டாயமானதில் நியாயம் இருக்கிறது. காணாமல் போன மீனவரைத் தேடவும் அந்த எண்தான் உதவும். பதிவு வேண்டும்; கேள்வி, அது ஏன் மாநிலம் மாறினால் செத்து மறுபடி பிறக்க வேண்டும் என்பதுதான். ரியல்கிராஃப்ட் என்ற ஒரே இணையப் பதிவேட்டில்தான் நாடெங்கும் மீன்பிடிப் படகுகள் பதியப்படுகின்றன. படகு யாருடையது என்பது இரு மாநிலத்துக்கும் தெரியக்கூடியதே. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஒரு மாநிலத்தில் பதிந்த சரக்கு, பயணிக் கலத்தின் சான்றை எல்லா மாநிலத்திலும் செல்லும் என்றாக்கியது. மீன்பிடிப் படகை அது வேறு சட்டங்களிடம் விட்டுவிட்டது. அதே ஆண்டில், அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களின் காருக்கு, மாநிலம் மாறினாலும் மாறாத ‘பிஎச்’ எண் வந்தது. மாற்றல் உத்தரவோடு ஊர் மாறுகிறவரின் காருக்குக் கிடைத்த சலுகை, மீன் போன திசையில் போகிறவரின் படகுக்குத் தோன்றாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வருவாய் இல்லாமல் அரசு எப்படிச் சேவை செய்யும் என்ற மறுப்பு மிச்சம். பதிவுக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் நிவாரணம் உண்டு. உண்மை, இதனால்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமத்துக்குக் கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. அது இருப்பதற்கான காசு, தலைக்கட்டு வரியின் குணம் உடையது. அரசியல் சாசனமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. 301ஆம் பிரிவு மாநிலங்களுக்கிடையே வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2016இல் நுழைவு வரி வழக்கில், உள்ளூர்ச் சரக்குக்கும் வெளிச் சரக்குக்கும் பாகுபாடில்லாத வரி அந்தச் சுதந்திரத்தைக் கெடுக்காது என்றது. அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்து நுழைவு வரியே போய்விட்டது. புதுப் படகுக்கு இந்தியா முழுவதும் ஒரே 5 சதவீதம். வாங்கும்போது மறைந்த எல்லை, இடம் மாற்றும்போது மட்டும் ஏன் எழுந்து நிற்க வேண்டும்? ஆந்திரத்துச் சுள்ளூர்பேட்டையில் இந்த ஆண்டுக்குக் கட்டிய உரிமக் கட்டணத்தின் மீதி மாதங்களைத் தமிழ்நாட்டுப் பொன்னேரியில் கழித்துக்கொள்ளலாம். படகின் எண் மாறாமல் ஊர்ப் பெயர் மட்டும் மாறலாம். இரு மாநிலங்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு அது. அப்படியொரு கணக்கு ஏற்கெனவே உண்டு: ஏரியின் முகத்துவாரம் மணல் தூர்ந்து மூடும்போது அதைத் தோண்டித் திறக்கும் செலவு பழவேற்காட்டில் ஒரு மாநிலத்தின் தலையில் விழுகிறது. உள்ளே வரும் உப்புநீரும் இறால் குஞ்சும் எல்லை தாண்டி வடக்கேயும் போகின்றன. அந்தப் பாக்கியை மீனவரிடம் யாரும் கேட்பதில்லை.