‘ஐ’ என்னும் ஓரெழுத்து

அய்யா துணை

பதிக்குள் கால் வைக்கும்போது அன்புக்கொடி மக்கள் ‘அய்யா’ என்று சொல்லியே நுழைகிறார்கள். வழியில் ஒருவரையொருவர் கண்டால் ‘அய்யா உண்டு’ என்கிறார்கள். கால் இடறினாலும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. இப்படிப் பழகிப்போன சொல்லின் வேர் ஒரே ஓர் எழுத்து. அதுதான் ‘ஐ’. அய்யா என்று எழுதினாலும் ஐயா என்று எழுதினாலும் வேர் ஒன்றே.

தமிழில் ஓர் எழுத்தே தனித்து நின்று பொருள் தருவது உண்டு. அதை ஓரெழுத்து ஒருமொழி என்பார்கள். நன்னூல் அப்படி 42 எழுத்துகளைக் கணக்கிடுகிறது. ஈ, பூ, தீ, வா, போ என்பவற்றோடு ‘ஐ’யும் அதில் ஒன்று.

இந்த ‘ஐ’க்குப் பொருள்கள் பல. தலைவன் என்பது ஒன்று. அரசன், தந்தை, ஆசான் என்பனவும் அதிலேயே அடங்கும். வியப்பு என்ற பொருளைத் தொல்காப்பியமே சொல்கிறது. இன்றும் சிறு பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டால் ‘ஐ!’ என்றுதான் கூவுகிறது. ஐந்து என்ற எண்ணுக்கும் ‘ஐ’ உண்டு. ஐம்பொறி, ஐம்பூதம் என்பதில் நிற்பது அதுதான். மென்மையும் நுண்மையும் அதன் பொருள்களே. சித்த மருத்துவர் ‘ஐ’ என்றால் அது கோழையைக் குறிக்கும்.

தலைவனைக் குறிக்கும் எழுத்தே நெஞ்சில் கட்டும் சளியையும் குறிக்கிறது. ஆகவே ஒரு சொல்லின் பெருமை அதன் ஓசையில் இல்லை. அது யாருக்காக, எந்த மனதோடு சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அய்யா என்ற சொல் வடமொழியின் ‘ஆரிய’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் ‘என்னை’ என்ற சொல் ‘என் தலைவன்’ என்ற பொருளில் வருகிறது. என் + ஐ என்பதே அது. அந்த ‘ஐ’தான் ஐயன் என்றும் ஐயா என்றும் வளர்ந்தது என்பது தமிழறிஞர் பலர் கொண்ட முடிவு.

இங்கே ஒரு கேள்வி எழும். அய்யா என்றால் தலைவன். ஒருவன் தலைவன் என்றால் மற்றவன் அடிமை ஆகிவிட மாட்டானா?

திருவிதாங்கூரில் அப்படித்தான் நடந்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் மேலே இருந்தவரைத் தலைவர் என்று அழைத்து, தங்களை ‘அடியேன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. கூலியில்லாத ஊழியம் செய்தாக வேண்டும். மரியாதைச் சொல் ஒரு பக்கமாக மட்டுமே ஓடிய காலம் அது. கீழே இருந்தவன் கொடுத்தான். மேலே இருந்தவன் வாங்கிக்கொண்டான். திரும்ப வந்தது ஏச்சும் அடியும்தான்.

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், ஆங்கில ஆண்டு 1833-ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்ட அய்யா இந்த ஓட்டத்தைத் திருப்பினார். தம்மைத் தேடி வந்த எளியவரைத் தலைப்பாகையோடு நிற்கச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரை எடுக்க முத்திரிக் கிணற்றை அமைத்தார். இதற்காகச் சிங்காரத்தோப்புச் சிறையையும் தாங்கினார். பள்ளியறையிலே கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது. ‘அய்யா’ என்று நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அதில் தெரிவது தன் முகம். பின்னால் நிற்பவன் முகமும் அதிலேயே தெரியும்.

தென் மாவட்டத்து வீடுகளிலும் இந்தச் சொல் இரண்டு பக்கமும் ஓடுகிறது. மகன் தகப்பனை ‘அய்யா’ என்கிறான். சாப்பிட மறுக்கும் சிறுவனிடம் தாயும் ‘என் அய்யா, ஒரு வாய் வாங்கிக்கோ’ என்கிறாள். அவனுக்குப் பயந்து அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்பு மிகுந்த இடத்தில் பெரியது சிறியது இல்லை என்பதால் சொல்கிறாள்.

அப்படியானால் இந்தச் சொல் எங்கே நின்றுபோகிறது? மேலே இறைவனுக்குப் போகிறது. கீழே மடியிலிருக்கும் பிள்ளைக்கும் போகிறது. இடையில் நிற்கும் ஏழையிடம்தான் நின்றுவிடுகிறது. திருநாளன்று தாங்கலுக்குக் காரில் வந்து இறங்குபவரை ‘வாங்க அய்யா’ என்று கைகூப்பி அழைக்கும் அதே வாய், அன்னதர்ம வரிசையில் அழுக்கு வேட்டியோடு நிற்பவனைப் பார்த்து ‘ஏய், தள்ளி நில்லு’ என்கிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. நெற்றியில் இருப்பது ஒரே நாமம்.

‘ஐ’க்கு இன்னொரு வேலையும் உண்டு. இலக்கணத்தில் அது இரண்டாம் வேற்றுமை உருபு. ‘செல்வன் ஏழையை அடித்தான்’ என்று எழுதினால், ‘ஐ’ அடித்தவனோடு சேர்வதில்லை. அடிபட்ட ஏழையோடு சேர்கிறது. ‘தாய் பிள்ளையை அணைத்தாள்’ என்றாலும் அது பிள்ளையோடுதான் நிற்கிறது. செய்கிறவன் பக்கம் போகாமல், செய்கை யார்மேல் விழுகிறதோ அவன் பக்கம் நிற்பது அந்த எழுத்தின் இயல்பு. தாழக் கிடப்பவர் பக்கம் நின்ற அய்யாவின் பெயருக்குள் அந்த எழுத்து இருப்பது பொருத்தமே.

ஆகவே அய்யா என்று அழைப்பது அடிமைத்தனமா என்ற கேள்விக்கு விடை இதுதான். மேல்நோக்கி மட்டும் சொன்னால் அது பயம். எல்லாரையும் நோக்கிச் சொன்னால் அது தர்மம். உகப்படிப்பில் நூறு முறை சொன்ன சொல்லை, வெளியே வந்ததும் வாசல் கூட்டுகிறவரிடம் ஒரு முறை சொன்னால் அந்தப் படிப்பு நிறைவாகும். அதற்குச் செலவு இல்லை, நேரமும் ஆகாது. ஓர் எழுத்தில் பிறந்த சிறு சொல்தானே!

அய்யா உண்டு.