அளவுகோலை அளப்பது எது?

பெரும்பிழை எவர் கண்ணுக்கும் புலப்படும். அதனைத் திருத்தவும் பலர் முன்வருவர். கண்ணுக்குப் புலனாகாச் சிறுபிழையே அறிவையும் அறத்தையும் ஒருங்கே சோதிப்பது. செயற்கைக்கோளை நம்பி நேரம் காட்டும் கருவிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

தொலைபேசி நிலையங்களும் வானொலி நிலையங்களும் இத்தகைய ஏற்பிகளைக் கொண்டே தம் கடிகாரங்களை ஒழுங்கு செய்கின்றன. கோளில் இயங்குவது அணுக்கடிகாரம். தரையிலுள்ள ஏற்பியில் இயங்குவது பெரும்பாலும் குவார்ட்ஸ் படிகம். வெப்பம் மாறினும் வயது ஏறினும் படிகத்தின் அதிர்வெண் சற்றே விலகும். அவ்விலகல் நூறு கோடியில் ஒரு பங்கே எனினும், திருத்தப்படாவிடில் ஒரு நாளில் 86.4 மைக்ரோ விநாடியாகத் திரண்டு நிற்கும். விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறே மைக்ரோ விநாடி. கணத்தில் மறைந்திருந்த பிழையைக் காலம் வெளிப்படுத்திவிடுகிறது.

பிழை உண்டெனத் தெரிந்தபின், அது யாருடையது என்னும் வினா எழுகிறது. இரு கடிகாரங்கள் முரண்பட்டால், அவற்றை மட்டும் கொண்டு எது தவறியது எனத் தீர்ப்பளிக்க இயலாது. ஆகவே ஆய்வாளர் ரூபிடியக் கடிகாரத்தையோ சீசியக் கடிகாரத்தையோ மூன்றாம் சாட்சியாக நிறுத்தி, ஒவ்வோர் இணையையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். வேறுபாடு ஒன்றே குற்றத்துக்குச் சான்றாகாது என்பது இங்குப் பெறப்படும் முதல் நீதி.

அவ்வாறாயின், பலர் ஒத்துச் சொல்வது மெய்யாகிவிடுமா? 2016 சனவரி 26இல் ஜி.பி.எஸ். அமைப்பிலிருந்து ஒரு பழைய கோள் விலக்கப்பட்டபோது, தரைநிலைய மென்பொருளில் நேர்ந்த கோளாற்றால் பல கோள்கள் உலகப் பொது நேரத்துக்கான திருத்தத்தைச் சுமார் 13 மைக்ரோ விநாடி பிழையாக அறிவித்தன. தொலைத்தொடர்பு நிலையங்களில் எச்சரிக்கைகள் எழுந்தன, பிரிட்டனில் பி.பி.சி.யின் எண்ணியல் வானொலி ஒலிபரப்புப் பல இடங்களில் தடைப்பட்டது. வந்த செய்தியை அப்படியே ஏற்ற ஏற்பிகள் தம்முள் ஒத்திருந்தன. ஆயினும் அனைத்தும் தவறின. செய்தி காலங்கடந்தது என்பதைச் சோதித்து ஒதுக்கியவை தப்பின.

நூறு மாணவர் ஒரே விடையை எழுதலாம். அனைவரும் ஒருவன் ஏட்டைப் பார்த்து எழுதியிருப்பின், அவை நூறு சான்றுகள் அல்ல. ஒரே சான்றின் நூறு படிகளே. சொல்பவரை நோக்காது சொல்லின் மெய்ம்மையை நோக்க வேண்டும் என வள்ளுவர் வகுத்த நெறி, சொல்பவர் பலராயினும் பொருந்தும் அன்றோ!

இதனால், எவரையும் நம்பாதிருத்தலே அறிவுடைமை எனக் கொள்ளலாகாது. தன் படிகத்தையே நம்பும் கடிகாரம் நாள்தோறும் விலகிச் செல்லும்; தான் விலகுவதை அது அறியவும் அறியாது. நல்ல ஏற்பி இரண்டையும் இணைக்கிறது. குறுகிய பொழுதில் தன் படிகத்தின் நிலைத்தன்மையைச் சார்கிறது. நெடிய பொழுதில் கோளின் திருத்தத்துக்குப் பணிகிறது. திடீரென வரும் பெருமாற்றத்தை ஐயுற்றுச் சோதிக்கிறது.

மனிதனின் மனச்சான்றும் அத்தகையதே. பிறர் திருத்தத்தை ஏற்கும் பணிவும், பலரும் ஒருமித்துத் தவறும்போது தனித்து நிற்கும் உறுதியும் அதற்கு ஒருங்கே வேண்டும். பிறர்க்கு அளவுகோலாக விளங்கும் ஆசானுக்கோ அக்கடமை இருமடங்கு. அவர் பிழை அவரோடு நில்லாது. அவரைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும் அனைவரிடமும் சென்று சேரும்.