கடைசி ஜாடி

ராமநாதபுரம் மாவட்டம், கீழக்கரை. என் நண்பர் ஒருவரின் வீட்டு அடுப்படி அலமாரியில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். உள்ளே உப்பில் ஊறிய எலுமிச்சை. நண்பரின் உம்மா போட்டது. உம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இந்த ஜாடியை வைத்து அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கு. நண்பர் துபாயில் வேலை பார்க்கிறார். லீவில் வந்த அன்றைக்கு, லாத்தா அவர் தட்டில் ஒரு துண்டு ஊறுகாயை வைத்திருக்கிறார். இவர் பதறிப்போய்விட்டார்.

"லாத்தா, இதை எடுக்காதீங்க. உம்மா கைபட்டதுன்னு இது ஒண்ணுதான் மிச்சம். தீர்ந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

லாத்தா சொன்னாராம்: "தம்பி, உம்மா இதைத் திங்கத்தான் போட்டாங்க. பார்க்கவா போட்டாங்க?"

நண்பர் என்னிடம் கேட்டார். "நீங்களே சொல்லுங்க சார். யார் சொல்றது சரி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊறுகாய் விஷயம்தானே என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. யோசித்துப் பாருங்கள், நம் வீட்டிலும் இப்படி ஒரு ஜாடி இருக்கும். யாரும் கட்டிக்கொள்ளாத அம்மாவின் பட்டுப்புடவை. சாவி கொடுக்காமல் நின்றுபோன அப்பாவின் கைக்கடிகாரம். வைத்துக் காப்பாற்றுவது மரியாதையா, எடுத்துப் புழங்குவது மரியாதையா?

இதற்குப் பதிலை ஊறுகாயிடமே கேட்கலாம் என்று தோன்றியது.

உப்பு எலுமிச்சை போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழத்தை அடி ஒட்டியிருக்கும்படி நாலாகக் கீறி, உள்ளே கல்லுப்பை அடைத்து, ஜாடியில் அடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. வாலிநோக்கத்திலேயே உப்பளம் இருக்கிறது. உப்பு பழத்திலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கெடுக்க வருகிற கிருமிக்கு வாழ ஈரம் கிடைக்காது. போதாததற்கு எலுமிச்சையின் புளிப்பு வேறு. தினம் ஜாடியைக் குலுக்க வேண்டும், வெயில் காட்ட வேண்டும். தோல் மெத்தென்று ஆவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

அதாவது, ஊறுகாய் போடுகிற யாரும் இன்றைக்குச் சாப்பிடப் போடுவதில்லை. என்றைக்கோ வரப்போகிற ஒரு நாளுக்காக, யாரோ உட்காரப்போகிற ஒரு தட்டுக்காகப் போடுகிறார்கள். அந்த நாளில் தான் இருப்போமா என்று கணக்குப் பார்ப்பதில்லை.

கீழக்கரை மாதிரிக் கடலோர ஊர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஆம்பிளைகள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டிப் போகிறவர்கள். முன்னே இலங்கை, மலாக்கா. பிறகு வளைகுடா. கூடவே ஊறுகாயும் போயிருக்கிறது. பாரசீகத்தில் அச்சார், இலங்கையில் அச்சாறு, மலாயில் அச்சார் என்று அந்த ஒரு வார்த்தை கடலைச் சுற்றி வந்திருக்கிறது. 14-ம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா, இந்தியர்கள் மாங்காயை உப்புப் போட்டு ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் எலுமிச்சையை இப்படித்தான் வைப்போம் என்று எழுதினார். ஊர் ஞாபகம் வந்திருக்கும் போல!

சரி, நாளைக்கென்று எடுத்து வைப்பதில் தப்பே இல்லையா? பதுக்கல்காரனும் நாளைக்கென்றுதானே வைக்கிறான்? பைபிளிலும் குர்ஆனிலும் யூசுஃப் நபியின் கதை வருகிறது. எகிப்தில் ஏழு வருஷம் நல்ல விளைச்சல். தானியத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னார். அடுத்த ஏழு வருஷம் பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். சேர்க்கிற வரைக்கும் அவருக்கும் பதுக்கல்காரனுக்கும் வித்தியாசம் தெரியாது. திறக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

கீழக்கரைக்காரர்களுக்கு நான் வேறு கதையே சொல்ல வேண்டாம். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் ஊர் அது. அவர் இறந்தது தெரியாமல் உதவி கேட்டு வந்த ஒரு புலவர் சமாதியில் அழுதாராம். மோதிரம் போட்ட கை வெளியே நீண்டதாம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்கிறோம். இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. புலவர் மட்டும் 'ஐயோ, வள்ளலின் கை!' என்று கும்பிட்டுவிட்டு, மோதிரத்தைக் கழற்றாமல் போயிருந்தால்? அந்தக் கை நீட்டியபடியே நின்றிருக்கும். கொடை முடிந்திருக்காது.

நண்பரின் பயமும் பொய்யில்லை. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்குக்கூட செல்போன் இருக்கிறது. கைப்பக்குவத்தை எதில் பதிவு பண்ண? கடைசித் துண்டு தீருகிற அன்றைக்கு உம்மா இன்னொரு தடவை போவார்கள். அது வலிக்கத்தான் செய்யும். ஆனால், தொடாமல் வைத்தாலும் ஊறுகாய் அப்படியே இருக்கப்போவதில்லை. கறுக்கும், வற்றும், உப்புப் பூக்கும். ஒருவர் வாயிலும் படாமல் தீர்ந்துபோகும்.

"லாத்தா சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. சாப்பிடுங்க. அதோட, உம்மா எப்படிப் போட்டாங்கன்னு லாத்தாகிட்ட கேட்டு, அடுத்த ஜாடியை நீங்க போடுங்க" என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

ஒரு மாசம் கழித்து துபாயிலிருந்து போன். ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறார். "ஈரக் கரண்டி போட்டுறாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம் லாத்தா. ரூமில் ராத்திரி கஞ்சிக்கு அதை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். கூடத் தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லையாம்.

"எங்க அம்மா போட்ட மாதிரியே இருக்குன்னார் சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. இன்னொரு துண்டு வெச்சேன்."