வராதவர் கணக்கு

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கினையும் தானங்களுள் தலையாயவையாக நம் ஆன்றோர் வகுத்தனர். இவற்றுள் மருந்துத் தானத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பசித்தவரை முகம் பார்த்து அறியலாம். நோயுற்றவரை அவ்வாறு அறிதல் அரிது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பல்லாண்டுகள் ஓசையின்றி உடலை அரிப்பவை. ஆதலின் மருந்து வழங்குவோரின் முதற்கடமை, அது யாருக்குத் தேவை என்று அறிவதாகும்.

தருமத்திற்குக் கணக்கு எதற்கு, கேட்டவர்க்குக் கொடுப்பது போதாதா எனச் சிலர் வினவுவர். ஒருவர் தம் கைப்பொருளைக் கொடுக்கும்போது இவ்வினா பொருந்தலாம். பொதுப்பணத்தில் வாங்கிய மருந்து எல்லோர்க்கும் உரியது. அதில் ஒருவர்க்கு மிகுதியாகவும் மற்றொருவர்க்குக் குறைவாகவும் சென்றால், குறைந்தவரின் பங்கு அவரறியாமலே பறிக்கப்பட்டதாகும். ஆகவே இங்குக் கணக்குப் பார்ப்பதும் அறத்தின் ஒரு பகுதியே.

இத்துறையில் தமிழகம் முன்னோடியாக விளங்குகிறது. 1994ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு; அதில் குறித்த தொகைக்குள் வேண்டிய மருந்தைப் பெற்றுக்கொள்ளலாம். கிடங்குகளின் இருப்பு கணிப்பொறி வழியே கண்காணிக்கப்படுகிறது. கேரளமும் இராசத்தானும் பின்னர் இம்முறையைத் தழுவின. எம்மருந்து எவ்வூருக்கு எவ்வளவு சென்றது என்பதை இதனால் அறிய முடிகிறது.

இத்தகைய பதிவுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, அவற்றுள் மறைந்துள்ள செய்தியை வெளிக்கொணரும் கலையே இன்று தரவு அறிவியல் எனப்படுகிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பொது மருத்துவரகமும் எழுதிய மருந்துகளின் கணக்கு, நோயாளிகளின் பெயரின்றி, மாதந்தோறும் வெளியிடப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பென் கோல்டேக்கர் குழுவினர் 2015ஆம் ஆண்டு முதல் அதனை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் அமைத்துத் தந்துள்ளனர். அவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வறுமை மிகுந்த பகுதிகளில் அபினி வகையைச் சேர்ந்த வலிநீக்கிகள் உயர்ந்த அளவில் எழுதப்படுவதைக் காட்டியது. ஏற்றத்தாழ்வு என்றவுடன் மருந்தின்மையையே நாம் நினைக்கிறோம். பழக்கத்திற்கு அடிமையாக்கக்கூடிய மருந்து ஏழைக்கு மிகுதியாகச் சேர்வதும் ஏற்றத்தாழ்வே. கூடிய எண் நன்மையென்றும் குறைந்த எண் தீமையென்றும் உடனே முடிவு கட்டிவிடலாகாது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. மருந்துச்சீட்டின் கணக்கு, மருத்துவமனைக்கு வந்தவரை மட்டுமே அறியும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு நெய்த சேலைக்குத்தான் கூலி. காலையில் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய நெசவு தடைப்படும். எனவே தலைச்சுற்றலைப் பொறுத்துக்கொண்டு தறியிலேயே இருக்கிறார். அவர் பெயரில் சீட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. பதிவேட்டைப் பார்ப்பவருக்கோ அத்தெருவில் நோயே குறைவு என்று தோன்றும். அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டைச் சென்ற ஆண்டின் செலவு கொண்டே தீர்மானித்தால், வராதவருக்கு மேலும் குறையும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்த துணியில் அதன் தடம் தெரியும். நெசவாளி கண்டு முடிந்துவிடுவார். பதிவேட்டில் விடுபட்ட மனிதருக்கோ தடமே இல்லை.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில், கூடுதல் பராமரிப்பு யாருக்குத் தேவை எனக் கணிப்பொறி வழியே தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றினை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். அம்முறை, ஒருவரின் மருத்துவச் செலவையே அவருடைய நோயின் அளவாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆதலின் அவர்கள் நோய் குறைந்தவர்களாகக் கணிக்கப்பட்டனர். இப்பிழையைத் திருத்தினால் கூடுதல் பராமரிப்புப் பெறுவோருள் அவர்களின் பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5 ஆக உயரும் என ஆய்வாளர் கண்டனர். எவர் மனத்திலும் வன்மம் இருந்திருக்க வேண்டியதில்லை. பழைய அநீதி எண்ணாக மாறி, எண் புதிய தீர்ப்பாயிற்று.

வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவை மிகுந்த இடத்தில் குறைந்தும் தேவை குறைந்த இடத்தில் மிகுந்தும் கிடைக்கிறது என்று 1971இலேயே எடுத்துக்காட்டினார். அதனை அவர் ஒரு விதி என்றே அழைத்தார். ஆயினும் இயற்கை விதியைப் போல இது மாற்ற முடியாததன்று. மனிதர் செய்ததை மனிதர் திருத்தலாம்.

திருத்தும் வழியும் நம்மிடையே காணக்கிடைக்கிறது. 2020ஆம் ஆண்டு தமிழகத்தில், மருத்துவமனைப் பதிவேட்டை நம்பியிராமல், மக்களிடமே சென்று ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. உயர் இரத்த அழுத்தம் உடையவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு 7.3 பேர், நீரிழிவு உடையவர்களுள் 10.8 பேர். கிடங்கில் மருந்து இருந்தது. உடலுக்குச் சென்று சேரவில்லை. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இவ்விரு நோய்களுக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர் வழியே இல்லத்திற்கே கொண்டு செல்கிறது. வராதவரை எண்ணியதும், அவரிடம் நடந்து சென்றதும் ஒரே அறத்தின் இரு பகுதிகள்.

எண்ணுவதற்கும் எல்லை வேண்டும். ஒருவருடைய நோய் அவருக்கே உரிய செய்தி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஊர் நலத்திற்காகத் திரட்டிய பதிவு, ஒருவரின் திருமணத்தையோ வேலையையோ கெடுக்கும் கருவியாகிவிடின் அதுவும் இம்சையே. பெயரை மறைத்துத் தேவையை வெளிக்காட்டுவதே முறை. மேலும், பிறர் நோயை அறிந்தவர் அறிந்த அளவுக்குக் கடன்பட்டவராகிறார். குறை எங்குள்ளது எனக் கண்டபின்னும் வாளாவிருப்பாராயின், அறியாதவரினும் அவர் குற்றம் பெரிது.

ஒரு நயத்தையே முழு உண்மை எனக் கொள்வது பிழை என்பது அநேகாந்த நெறியை அறிந்தவர்க்குப் புதிதன்று. மருந்துச்சீட்டின் கணக்கும் ஒரு நயமே. அதனைத் தள்ளவும் வேண்டா. அதுவே முடிவு எனக் கொள்ளவும் வேண்டா.

நம் ஊர்களில் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களுக்கும் இது பொருந்தும். முகாம் முடிந்ததும் பயனடைந்தோர் எத்தனை பேர் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறோம், எழுதுவது நன்றே. அத்துடன், எத்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை, ஏன் வரவில்லை என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடி எழுதுவோமாக. கூலி இழப்புக்கு அஞ்சியவர் உண்டெனில், அடுத்த முகாமை மாலையில் அவர் தெருவிலேயே நடத்துவோமாக. மருந்துத் தானம் அப்போதே நிறைவெய்தும்.