அய்யா பிறந்த கடலுக்கு நாம் அனுப்புவது



1833ஆம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று, மூன்றாம் நாள் அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். அந்தக் கடல் தெற்கே அல்லவா இருக்கிறது, பல்லாவரத்துக்காரருக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். கடல் ஒன்றுதான்.

பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்து போகிறது. அந்த ஏரியில் ஆண்டுக்கணக்கில் குப்பை கொட்டியதைப் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். மழை பெருகினால் இந்தப் பக்கத்துத் தண்ணீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக (அந்த ஊர்ப் பெயரைப் பாருங்கள்!) பள்ளிக்கரணைச் சதுப்புக்குச் சேர்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். நாம் எறிந்த பிளாஸ்டிக் பையும் கூடவே போகிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அவை இழுவலையில் சிக்கி மூச்சு முட்டியவை. அந்தப் பழி நம் பையின் மேல் இல்லை. ஆனால் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று விழுங்கிச் சாகும் ஆமைகளும் உண்டு. வாயில்லாச் சீவன் யாரிடம் முறையிடும்?

வாகைப்பதிக் கரையில் துவையல் தவசிருந்த நம் முன்னோர் உடுத்ததை அந்தக் கடல் நீரில்தான் துவைத்தார்கள். அன்று அழுக்கைப் போக்கிய கடலுக்கு இன்று நாமே அழுக்கை அனுப்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு வரும்போது ஒரு தூக்குவாளியும் டம்ளரும் கொண்டு வாருங்கள். அன்னம் வாங்கக் கேரி பேக் கேட்காதீர்கள். பந்தியில் வாழையிலை போடுவோம். உண்ட இலை மாட்டுக்குப் போகட்டும்.